உளவு ரகசியங்கள் வெளியாவது சரியா? ஓமலூர் மாணவரின் கேள்வியும் என் தொடர் குறிப்புகளும்

2025 ஜூன் 8, மாலை. ஓமலூர் மாணவர் கேட்டது

"அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த ஸ்னோடன், அது மக்களைக் கண்காணித்ததை வெளியிட்டதால்தான் உலகம் விழித்துக்கொண்டது. அப்படியானால் அரசின் ரகசியத்தை யார் வெளியிட்டாலும் அது நல்ல காரியம்தானே, அண்ணா? எது வெளிவரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்க யாருக்கும் உரிமை இல்லை. முழுவதையும் இணையத்தில் போட்டுவிட்டால் மக்களே பார்த்துக்கொள்வார்கள். பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டி வைப்பதெல்லாம் தவற்றை மறைப்பதற்குத்தான்."

2025 ஜூன் 8, இரவு

தம்பி, தவறு செய்கிற அரசின் ரகசியத்தை வெளியே கொண்டுவருவது சில நேரங்களில் கடமையாகவே ஆகிவிடுகிறது என்று நானும் நம்புகிறேன். "முழுவதையும் போட்டுவிட்டால்" என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் என்னால் உடன்வர முடியவில்லை.

சேலம் செவ்வாய்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். வியாபாரி வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்கிறார். அது ஒரு வீட்டில் கம்பியாகி, இன்னொரு வீட்டில் பற்றவைக்கப்பட்டு, வேறொரு வீட்டில் மெருகேறித் திரும்புகிறது. இன்று இரவு எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை கிலோ வெள்ளி இருக்கிறது என்பது அவருடைய நோட்டில் இருக்கும். அந்த நோட்டை அவர் மறைத்து வைப்பது தவற்றை மூடுவதற்காக அன்று. அந்த வீடுகளில் குழந்தைகள் தூங்குகிறார்கள். அதே நோட்டில் சேதாரக் கணக்கைத் திரித்துக் கூலியைக் குறைத்த பக்கம் ஒன்று இருந்தால், அந்தப் பக்கம் வெளியே வந்தே ஆக வேண்டும். வீட்டு விலாசங்கள் வரக்கூடாது. ரகசியங்கள் ஒரே கட்டில் கலந்து கிடக்கின்றன என்பதுதான் சிக்கல். பிரித்தெடுக்கிற பொறுப்பு, கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருபவருடையது.

அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பெர்க் அந்தப் பொறுப்பை ஏற்றவர். வியட்நாம் போர் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தயாரித்த 47 தொகுதிகளை, ஏறத்தாழ 7,000 பக்கங்களை, 1969 அக்டோபரிலிருந்து இரவு நேரங்களில் நகல் எடுத்தார். முதலில் அவர் போனது பத்திரிகையிடம் அன்று. ஃபுல்பிரைட், மெக்கவர்ன் போன்ற செனட் உறுப்பினர்களிடம் போனார். அவர்கள் அதை அவையில் வெளியிட முன்வரவில்லை. 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது, அரசு தடை கேட்டது, ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் நின்றது. இவ்வளவுக்கும் நடுவில், சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றிய நான்கு தொகுதிகளை மட்டும் அவர் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தை கெட்டால் போர் நீளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 43 தொகுதிகளைக் கொடுத்த துணிச்சலைவிட, அந்த நான்கைக் கொடுக்காத நிதானத்தில்தான் அவர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

2025 ஜூன் 9

ஸ்னோடனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2013 ஜூனில் அவரும் ஆவணங்களைத் தாமே இணையத்தில் கொட்டவில்லை. பத்திரிகையாளர்களிடம் கொடுத்து, பொதுநலன் எது என்று தேர்ந்தெடுத்து வெளியிடச் சொன்னார். ஆகவே உங்கள் வாதத்துக்கு அவரைச் சாட்சியாக அழைக்க முடியாது. யார் யாரை அழைத்தார்கள் என்ற தொலைபேசிப் பதிவுகளை உளவு நிறுவனம் மொத்தமாகத் திரட்டியதை அவர் வெளிக்காட்டினார். அந்த முறைக்கு 2015-இல் அமெரிக்கச் சட்டமே முடிவு கட்டியது. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அது சட்டவிரோதமானது என்றும் சொன்னது. அந்த ஒரு செய்திக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதனுடன் சேர்த்து எடுத்த மற்ற எல்லா ஆவணங்களுக்கும் அதே நியாயம் பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

2025 ஜூன் 11

"அந்தக் கசிவால் சேலத்தில் இருக்கிறவனுக்கு என்ன ஆயிற்று?" என்று மாணவர் கேட்கிறார். நிறையவே ஆயிற்று.

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் நான் கணினிப் பழுதுபார்க்கும் கடை வைத்து 18 ஆண்டுகள் ஆகின்றன. தொடக்க காலத்தில் பிரவுசிங் சென்டர்களுக்கு வலைப்பின்னல் அமைத்துக் கொடுத்தேன். ஒரு சென்டரில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. காரணம் தேடுவதற்காகக் கம்பியில் ஓடுவதைப் பார்க்கும் மென்பொருளைப் போட்டேன். மூன்றாவது நிமிடத்தில் யாரோ ஒருவருடைய கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து திரையில் வந்து நின்றது. அன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி. என்ற திறந்த அஞ்சலட்டையில்தான் எல்லாவற்றையும் அனுப்பின. உறையிட்ட கடிதமான எச்.டி.டி.பி.எஸ்-க்குச் சான்றிதழ் வேண்டும், ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்றால், பட்டறைக்காரர்களும் சவ்வரிசி வியாபாரிகளும் "விலைப்பட்டியல் போடுகிற தளத்துக்கு எதற்குங்க?" என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது.

2013 அக்டோபர் 30 அன்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. கூகுள், யாஹூ நிறுவனங்களின் தரவு மையங்களை இணைக்கும் கம்பிகளில் உளவு நிறுவனங்கள் ஒட்டுக்கேட்டன என்று ஸ்னோடனின் ஆவணங்கள் காட்டின. வாசலில் பூட்டு இருந்தது, வீட்டுக்குள் அறைக்கு அறை கதவே இல்லை. அதன்பிறகு நிறுவனங்கள் உள்கம்பிகளில் ஓடுவதையும் மறையாக்கம் செய்தன, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றின. 2014 மே மாதம் இணையத்தின் தர நிர்ணயக் குழு, பரவலான கண்காணிப்பு என்பதே ஒரு தாக்குதல்தான் என்று ஆவணமாகவே எழுதிவைத்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசச் சான்றிதழ் தரத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, உறையிடாத தளங்களின் பெயருக்கு அருகே "பாதுகாப்பற்றது" என்று காட்டத் தொடங்கியது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. பத்தாண்டுகள் நான் வாயால் சொல்லி நடக்காதது, இரண்டு மாதங்களில் நடந்தது.

இப்போது உங்கள் பேருந்து முன்பதிவோ மின்கட்டணமோ எதுவும் வழியில் இருப்பவர் கண்ணில் படாது. எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதும் தெரியாது.

2025 ஜூன் 12, காலை

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. மாணவரே சுட்டிக்காட்டினார், நன்றி. எச்.டி.டி.பி.எஸ். உள்ளடக்கத்தை மறைக்கும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. இணைப்பு தொடங்கும்போதே தளத்தின் பெயர் திறந்த எழுத்தில் போகிறது. அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்கும் கேள்வியும் பல நேரங்களில் திறந்தே போகிறது. கடிதத்தைப் பிரிக்க முடியாது, உறையின் மேல் விலாசம் தெரியும். நள்ளிரவில் ஒருவர் எந்த மருத்துவமனையின் தளத்தைப் பார்த்தார் என்பது மட்டும் தெரிந்தாலே அவரைப் பற்றி ஊர் பேசத் தொடங்கிவிடும். பத்திரிகைகள் ரகசியத் தகவல் பெறுவதற்கு டோர் என்ற மறைவு வலைப்பின்னல் வழியாக மட்டும் திறக்கும் செக்யூர்டிராப் பெட்டிகளை வைத்திருப்பது இதனால்தான். டோர் மூன்று இடைநிலையங்களின் வழியாக அனுப்புவதால், அனுப்பியவரையும் பெற்றவரையும் சேர்த்து அறியும் நிலையம் எதுவும் இருப்பதில்லை.

2025 ஜூன் 15, ஏற்காட்டிலிருந்து

ஞாயிறுகளில் நாகலூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். மழைக்காற்றில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கிறது, எழுதியவரை அனுப்பிவிடுகிறேன்.

அஸ்தம்பட்டியில் வசிக்கும், ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கண்டிப்பான கடிதம் எழுதியிருக்கிறார். "உங்கள் கொலுசுப் பட்டறை உவமை நன்று. ஆனால் போர்க்களத்தில் எது வெள்ளிக் கணக்கு, எது கூலிக் கணக்கு என்று பிரிக்கும் அறிவு கசியவிடுபவனுக்கு எங்கிருந்து வரும்? ஒரு கிராமத்தின் பெயரும் ஒரு தேதியும் சேர்ந்தாலே, எங்களுக்குத் தகவல் சொன்னவன் யார் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும்" என்கிறார்.

ஐயா சொல்வது சரி. 2010-இல் அமெரிக்க ராணுவ வீரர் மேனிங் கொடுத்த ஆவணங்களுக்கு நேர்ந்ததை முழுமையாகச் சொல்கிறேன். 2,50,000-க்கு மேற்பட்ட அமெரிக்கத் தூதரகச் செய்திகள் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வழியாகச் சில பெரிய பத்திரிகைகளுக்குப் போயின. தூதரகங்களை நம்பிப் பேசியவர்களின் பெயர்களை அடித்துவிட்டுப் பகுதி பகுதியாக வெளியிடுவதுதான் ஏற்பாடு. முழுத் தொகுப்பும் மறையாக்கம் செய்த ஒரு கோப்பில் இருந்தது. அதன் கடவுச்சொல் ஒரு பத்திரிகையாளரிடம் இருந்தது. 2011-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் அந்தக் கடவுச்சொல் அப்படியே அச்சாகிவிட்டது. அது தற்காலிகமானது, காலாவதியாகியிருக்கும் என்று நம்பியதாகப் பத்திரிகைத் தரப்பு சொன்னது. இதற்கிடையில் அதே கோப்பு பல கணினிகளுக்கு நகலாகப் பரவியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றினால் போதும். 2011 செப்டம்பர் 2 அன்று விக்கிலீக்ஸ், பெயர்களை அடிக்காமல் முழுவதையும் தானே வெளியிட்டது. உடன் உழைத்த பத்திரிகைகளே அதைக் கண்டித்தன.

யாருடைய குற்றம் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று சாடின. எனக்கு அதில் தெரிவது, கடைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் பார்க்கும் ஒரு குழப்பம். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றலாம். மாற்றிய நொடியில் பழையது செத்துவிடும். கோப்பைப் பூட்டிய கடவுச்சொல் அப்படி அன்று. பீரோவும் சாவியுமாக ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு, நம் வீட்டுப் பீரோவின் பூட்டை மாற்றினால் அவர்களிடம் இருக்கும் பீரோக்கள் மாறுவதில்லை. இவ்வளவு சிறிய தொழில்நுட்ப அறிவு இல்லாமல் போனதால், நம்பிப் பேசிய மனிதர்களின் பெயர்கள் உலகத்தின் கையில் விழுந்தன. தொழில்நுட்பப் பிழை வேறு, அறப்பிழை வேறு என்று இந்த இடத்தில் பிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் உயிரைச் சுமக்கிறவருக்குப் பூட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கடமை.

2025 ஜூன் 16

ஐயாவுக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கசியவிடுபவரை மட்டும் கேட்டால் போதாது. எதைப் பூட்டி வைத்தார்கள் என்று உளவு நிறுவனத்தையும் கேட்க வேண்டும்.

விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அமெரிக்க உளவு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும், நெடுங்காலம் மைக்ரோசாப்டிடம் சொல்லாமல், மற்ற கணினிகளில் நுழைவதற்காகத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று அந்த ஓட்டைக்கு அடைப்பாக ஓர் அப்டேட்டை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் அந்த ஓட்டை வழியாக நுழைய உளவு நிறுவனம் வைத்திருந்த கருவியை இணையத்தில் போட்டுவிட்டார்கள். மே 12 அன்று, கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வான்னாகிரை கிளம்பியது. 150 நாடுகளில் 2,00,000-க்கும் அதிகமான கணினிகள். இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. சேலத்தில் ஒரு கணக்கு எழுதும் அலுவலகத்தின் கணினியில் சிவப்புத் திரை வந்து, 300 டாலர் பிட்காயினாகக் கேட்டது. நான்கு ஆண்டுக் கணக்குகள் அதில் இருந்தன. மீட்க முடிந்தது, மார்ச் மாதம் பென் டிரைவில் எடுத்து வைத்த நகல் வரைக்கும்தான். மற்ற வாடிக்கையாளர்களிடம் ஓடி ஓடி அடைப்பைப் போட்டேன்.

அந்தக் கணினியில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்தவன் நான். டேட்டா தீர்ந்துபோகிறது, வேலை நேரத்தில் தானாக மறுதொடக்கம் ஆகிறது என்று அவர்கள் குறைப்பட்டார்கள். நான் நிறுத்திக் கொடுத்தேன். ஓட்டையை மறைத்த உளவு நிறுவனத்துக்கும், கருவியைத் தெருவில் வீசியவர்களுக்கும் இடையே நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அன்றிலிருந்து அப்டேட்டை நிறுத்தச் சொல்லி வருபவர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூன் 22

"நீங்கள் எப்போதாவது எதையாவது வெளியிட்டிருக்கிறீர்களா?" என்று மாணவர் கேட்டிருக்கிறார். ஒரு முறை.

2019-இல் என் தாயாருக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். முடிவைப் பார்க்க ஒரு பரிசோதனைக் கூடம் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பியது. முகவரியின் முடிவில் ஓர் எண் இருந்தது. உள்நுழைவு கிடையாது, ஓ.டி.பி. கிடையாது. தொழில் பழக்கத்தில் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டினேன். வேறொருவரின் பெயர், வயது, பரிசோதனை முடிவு. மூடிவிட்டேன்.

உறையின் மேல் எழுதிய எண்ணை மாற்றினால் அடுத்தவர் கடிதம் கைக்கு வருகிற இந்த ஓட்டை மிகப் பழையது, மிகப் பரவலானது. அடைப்பதும் எளிது: கேட்பவர் யார் என்று ஒவ்வொரு முறையும் சேவையகம் சோதிக்க வேண்டும், எண்ணை ஊகிக்க முடியாதபடி நீளமாக்குவது மட்டும் போதாது.

மறுநாளே நேரில் போய் உரிமையாளரிடம் சொன்னேன். "உங்களை யார் பார்க்கச் சொன்னது?" என்றார். போலீஸில் புகார் கொடுப்பேன் என்றார். அவர் மிரட்டியது வெறும் வார்த்தையன்று: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு அனுமதியில்லாமல் நுழைவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு பார்த்தேன் என்பது நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் எடுபடும் என்று எனக்குத் தெரியவில்லை, பயந்துவிட்டேன். பிறகு செய்தி பரவி, அவர்கள் அந்தப் பக்கத்தை மூடினார்கள். நடந்தது அவ்வளவுதான்.

2025 ஜூன் 29, நாகலூர்

ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே எழுதியதில் "செய்தி பரவி" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு பெரிய விஷயத்தை ஒளித்திருக்கிறேன். மற்றவர்களின் மறைப்புகளைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு அதை அப்படியே விட முடியாது.

பரப்பியது நான். உரிமையாளர் மிரட்டிய அன்று இரவு, கோபத்தில், அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரைக் கறுப்பு மையால் அடித்து, கணினிப் பழுதுபார்ப்பவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெயரை மறைத்ததோடு கடமை முடிந்ததாக நினைத்தேன். மேலே முகவரிப் பட்டை முழுவதும் தெரிந்தது. யாரோ எண்களை வரிசையாக மாற்றி நூற்றுக்கணக்கான அறிக்கைகளை இறக்கிவிட்டார்கள். சில, வேறு குழுக்களுக்குப் போயின. இரண்டு நாளில் பரிசோதனைக் கூடம் பக்கத்தை மூடியது. நண்பர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

சில நாள் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். எந்தப் பகுதி, என்ன தொழில் என்று எழுதமாட்டேன். அவருடைய உடன்பிறந்த சகோதரியின் அறிக்கை ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நோயைப் பற்றி அந்தப் பெண் தன் வீட்டாரிடமே சொல்லியிருக்கவில்லை. "அண்ணா, இதை நெட்டிலிருந்து எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். பணம் எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றார். முடியாது என்றே மறுபடியும் சொன்னேன். தொடக்கம் என் படம்தான் என்று சொல்லவில்லை. அவர் எழுந்து போகும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

எல்ஸ்பெர்க் நான்கு தொகுதிகளைக் கொடுக்கவில்லை என்று முதல் நாள் பெருமையாக எழுதினேன். முகவரிப் பட்டையில் இருந்த ஒரு வரிதான் என்னுடைய நான்கு தொகுதிகள், அதைக் கொடுத்துவிட்டேன். ஓட்டை அடைபட்டது உண்மை, நான் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றுவரை திறந்தே இருந்திருக்கலாம் என்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் வைத்து அந்தப் பெண்ணிடம் போய் நியாயம் பேச என்னால் முடியாது.

2025 ஜூலை 2

ஐயா ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அவரிடம் இப்போதாவது சொன்னீர்களா?" இன்னும் இல்லை, ஐயா.

மாணவர் கேட்டது: "நீங்கள் மறைக்க நினைத்தும் தவறிவிட்டீர்கள். பெரிய பத்திரிகைகளுக்கு அப்படி நடக்காது, இல்லையா?" நடந்திருக்கிறது. 2017-இல் ரியாலிட்டி வின்னர் என்ற ஒப்பந்தப் பணியாளர், அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் குறுக்கீடு பற்றிய ஓர் உளவு அறிக்கையை அச்செடுத்து ஒரு செய்தித் தளத்துக்கு அனுப்பினார். உண்மையா என்று சரிபார்க்க அவர்கள் அதன் நகலை அரசிடமே காட்டினார்கள். தாளில் மடிப்புத் தடம் தெரிந்ததால், அச்செடுத்துக் கையால் கொண்டுபோனது என்று புலனாய்வாளர்கள் ஊகித்தார்கள். அந்த அறிக்கையை அச்செடுத்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். வெளியிடப்பட்ட ஆவணத்தில் அச்சுப்பொறி தானாகப் பதிக்கும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளும் இருந்தன. அச்சுப்பொறியின் தொடர் எண்ணையும் நேரத்தையும் அவற்றிலிருந்து படிக்கலாம் என்று நிபுணர்கள் காட்டினார்கள். வின்னருக்கு ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறை. தன் நடைமுறை போதாமல் இருந்ததை அந்தத் தளமே பின்னர் ஒப்புக்கொண்டது.

இதை ஒட்டி ஒன்று: பி.டி.எப். கோப்பில் கறுப்புப் பட்டை போட்டால் எழுத்து அடியிலேயே இருக்கும், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் சேர்ந்திருக்கலாம். இவற்றையெல்லாம் கடைக்கு வரும் திருமணப் புகைப்படக்காரருக்குச் சொல்லித்தரும் நான், அன்று கோபத்தில் ஒன்றையும் நினைக்கவில்லை.

2025 ஜூலை 6

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பலர் கேட்டதால் இது.

அரசு ரகசியங்கள் சட்டம் 1923-ஆம் ஆண்டினுடையது. ஆங்கிலேயர் நமக்கு எதிராக எழுதியதை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அதன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது: கேடு விளைவதைவிடப் பொதுநலன் பெரிதானால், 1923 சட்டம் என்ன சொன்னாலும் தகவலைத் தரலாம் என்று 8(2) பிரிவு சொல்கிறது. ரஃபேல் வழக்கில், தி இந்து நாளிதழ் வெளியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்று அரசு எழுப்பிய ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று நிராகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் சீராய்வு மனுக்களையும் தள்ளுபடி செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

சத்யேந்திர துபேயைப் பற்றி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டுக்கொண்டார். தம் விவரங்களைத் தனித் தாளில் இணைத்தார். அந்தத் தாளும் சேர்ந்தே மேசைக்கு மேசை போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றே வழக்கு முடிந்தது. அதை வைத்துக்கொண்டாலும் அந்தத் தாள் பயணம் செய்தது மாறவில்லை. அதன்பிறகு 2004 ஏப்ரலில், மூடிய உறையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதும் முறை வந்தது. உறையின் மேல் அனுப்புபவர் பெயர் இருக்கக் கூடாது. முறைகேடுகளை வெளிப்படுத்துகிறவர்களைக் காக்க 2014-இல் இயற்றிய சட்டமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

நம் சேலத்து அலுவலகம் ஒன்றில் புகார்க் கடிதம் எத்தனை கை மாறும் என்பதை ஒருமுறையாவது வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். உலகத்திலேயே வலிமையான மறையாக்கமும், அந்தத் தாளைக் கழற்றி வைக்காத ஓர் எழுத்தருக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

2025 ஜூலை 13

மாணவர் தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு பகிர்கிறேன். ஒரு பயிற்சி மையத்தின் கட்டண ரசீதுப் பக்கத்தில் அதே எண் ஓட்டையைக் கண்டிருக்கிறார். மையத்தின் பெயரை எனக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். அவருக்குச் சொன்னவை: இனி ஓர் எண்ணைக்கூட மாற்றிப் பார்க்காதீர்கள், சான்றுக்கென்று யாருடைய ரசீதையும் இறக்கி வைக்காதீர்கள், உங்களுடைய ரசீது ஒன்றே போதும். ஓட்டை எப்படிப்பட்டது, எப்படி அடைப்பது என்று மட்டும் எழுத்தில் கொடுங்கள். பணமோ வேலையோ கேட்காதீர்கள், கேட்டால் அது மிரட்டலாகிவிடும். பதில் இல்லாவிட்டால், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதுங்கள். 2019-இல் அப்படியொரு வாசல் இருப்பது எனக்குத் தெரியாது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு ஓட்டைகளை வெளியிடுவதற்கு முன் 90 நாள் தவணை கொடுக்கிறது. நான் கொடுத்தது ஒரு பகல்.

முதல் கேள்வியில் "முழுவதையும் போட்டுவிட்டால்" என்று எழுதிய அதே கை, இந்தக் கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறது.

2025 ஜூலை 20

நான்காம் நாள் பதில் வந்ததாம், பக்கத்தைச் சரிசெய்துவிட்டார்களாம். நான் அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கவில்லை.

ஐயாவுக்கு: இன்று காலை, அன்று உடன்பிறந்தவருக்காகக் கடைக்கு வந்தவரின் வீட்டுக்குப் போனேன். தொடக்கம் என் படம்தான் என்று சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் படம் இன்னும் உங்கள் போனில் இருக்கிறதா?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளில் இரண்டு போன் மாற்றிவிட்டேன், இருக்காது என்றேன். "பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். தேடினேன். பழைய போனிலிருந்து தானாக மேகத்துக்கு (இணையச் சேமிப்பிடத்துக்கு)ப் போன நகல், 2019-ஆம் ஆண்டுப் படங்களுக்கு நடுவில் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அழித்தேன். குப்பைத் தொட்டிக்குள் 60 நாள் இருக்கும் என்பதைச் சொல்லி, அங்கிருந்தும் அழித்துக் காட்டினேன். வாட்ஸ்அப்பின் பழைய காப்பு நகலில் இருக்கலாம் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். "சரி, அதையும் எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார்.